டீசல் வண்டிக்கு ஒரு சின்னப் பெட்டி: பலமா, பாரமா?

லோரி ஓட்டிப் பழகிய நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "பம்பைத் திருகிவிட்டால் வண்டி பறக்கும்" என்பார்கள். அந்தக் காலத்து டீசல் பம்பில் ஒரு திருகாணி இருந்தது. இயந்திரத்துக்குள் அதிகபட்சம் எவ்வளவு எண்ணெய் போகலாம் என்பதை அதுதான் கட்டுப்படுத்தியது. தொழிற்சாலையில் அளவு பார்த்து, கம்பி கோத்து, ஈய முத்திரை வைத்து அனுப்புவார்கள். மேட்டில் சுமை இழுக்கவில்லை என்றால் பட்டறைக்காரர் முத்திரையை அறுத்துவிட்டு அரைச் சுற்றுத் திருகுவார். வண்டியும் இழுக்கும், பின்னால் வருகிறவர் முகத்தில் கரியும் அப்பும்.

இன்றைய டீசல் வண்டியில் அந்தத் திருகாணி இல்லை. அதன் இடத்தில் கணினி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மனிதனின் ஆசை மாறவில்லையே! திருகாணிக்குப் பதிலாக உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி வந்துவிட்டது. 'டியூனிங் பெட்டி' என்பது அதன் பெயர். ஜெர்மனியின் ரேஸ்சிப், டிடிஈ, ஆஸ்திரியாவின் ஸ்டைன்பவர், இங்கிலாந்தின் டியூனிட் ஆகியவை இத்தகைய பெட்டி செய்யும் நிறுவனங்களில் சில. பெயரில்லாத மலிவுப் பெட்டிகளோ ஏராளம். "வயரைக் கழற்று, பெட்டியைச் செருகு, பத்தே நிமிட வேலை. இருபது விழுக்காடு பலம் கூடும், எண்ணெயும் மிச்சம்" என்கின்றன விளம்பரங்கள்.

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்கப் வண்டிகளை வைத்துப் பிழைக்கும் நம்மவர்கள் உண்டு. அந்த வண்டி காய்கறி ஏற்றும், மீன் பெட்டி ஏற்றும், செம்பனைக் குலை ஏற்றும். தன் மாதத் தவணையைத் தானே சம்பாதித்துக் கட்டும். அது ஒரு வாரம் பட்டறையில் நின்றுவிட்டால் வீட்டில் அடுப்பெரிவதே சிரமம். ஆகவே, இந்தப் பெட்டி உள்ளே என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே வண்டியின் போனட்டைத் திறக்க வேண்டும்.

டீசல் எரியும் விதம்

பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறி தரும் பிளக் உண்டு. டீசலுக்கு அது தேவையில்லை. உள்ளே வந்த காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்காக நசுக்கும்போது அதன் சூடு 500 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் புகைபோல் நுண்ணிய துளிகளாகப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அதே கதைதான். 1858இல் பாரிசில் பிறந்த ஜெர்மானியப் பொறியாளர் ருடோல்ப் டீசல், 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் இந்த இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் இயந்திரம் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது. நம் நாட்டில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளை டீசலோடு கலக்கும் வழக்கத்துக்கு அது ஒரு முன்னோடி எனலாம்.

எண்ணெயைப் பீச்சும் முறை பிற்காலத்தில் அடியோடு மாறியது. 1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் லோரிகளிலும், 1997இல் இத்தாலியின் ஆல்பா ரோமியோ 156 காரிலும் 'காமன் ரெயில்' என்னும் முறை வந்தது. பம்பு டீசலை ஒரு தடித்த இரும்புக் குழாயில் அழுத்தி நிறைத்து வைக்கும். அந்தக் குழாய்தான் ரெயில். அதிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் பிரியும். எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதைக் கணினி தீர்மானிக்கும். ரெயிலில் உள்ள அழுத்தம் 1,600 பார், 2,000 பார் என்று ஏறும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார்தான். ஆயிரம் மடங்கு என்றால் அதன் வேகத்தை எண்ணிப் பாருங்கள்!

பொய் சொல்லும் பெட்டி

ரெயிலின் முனையில் அழுத்தத்தை அளக்கும் ஒரு சென்சார் இருக்கிறது. அதற்குப் பொதுவாக மூன்று வயர். ஒன்றில் 5 வோல்ட் மின்சாரம், ஒன்று எர்த், மூன்றாவது செய்தி கொண்டுபோகும் வயர். அழுத்தம் கூடக் கூட, செய்தி வயரில் மின்னழுத்தம் சுமார் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை உயரும். அதைப் படித்துத்தான் கணினி பம்பை வேலை வாங்குகிறது.

டியூனிங் பெட்டி இந்தச் சென்சாருக்கும் கணினிக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. வரும் செய்தியைச் சற்றே குறைத்துச் சொல்கிறது. உள்ளே உண்மையில் 1,500 பார் இருக்க, "1,365தான் இருக்கிறது" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். "குறைகிறதே!" என்று கணினி பம்பை விரட்டும். தன் கணக்கில் 1,500 வந்த பிறகே ஓயும். அப்போது ரெயிலில் உண்மையாக இருப்பது ஏறத்தாழ 1,650 பார். தோட்டத்து நிறுவைக் கொட்டகையில் தராசு குறைத்துக் காட்டினால், கிராணி இன்னொரு வாளி பால் கொண்டுவரச் சொல்வார் அல்லவா? அதே கதைதான் இங்கும். பெட்டியில் பலம் எதுவும் இல்லை. இயந்திரத்தை அதிகமாகக் குடிக்க வைக்கும் பொய் மட்டுமே அதில் இருக்கிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அழுத்தம் 10 விழுக்காடு கூடினால் எண்ணெயும் 10 விழுக்காடு கூடும் என்று நினைக்க வேண்டாம். துளை வழியே பாயும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே சுமார் 5 விழுக்காடுதான் கூடும். இன்ஜெக்டரின் ஊசி விரைந்து திறப்பதால் இது கொஞ்சம் மாறலாம். ஆனால் போக்கு அதுதான். அழுத்தம் ஒன்றை மட்டும் ஏற்றி 20 விழுக்காடு அதிக எண்ணெய் பீச்ச வேண்டுமானால், இந்தக் கணக்கின்படி அழுத்தம் 44 விழுக்காடு ஏற வேண்டும். 1,500 பார் 2,160 ஆகிவிடும். விளம்பரத்தில் உள்ள பெரிய எண்ணைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எல்லாப் பெட்டியும் ஒரே வகை அல்ல. நல்ல பெட்டிகள், இயந்திரம் சுமை இழுக்கும்போது மட்டும் அளவோடு மாற்றும். சில வகை டர்போவின் காற்றழுத்தச் செய்தியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஸ்டைன்பவர் போன்றவை அழுத்தத்தைத் தொடாமல், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகின்றன. மிக மலிவான பெட்டிக்குள் சில காசு பெறும் மின்தடை மட்டும் இருக்கும். அது எந்நேரமும் ஒரே பொய்யைச் சொல்லும்; வண்டி சும்மா நிற்கும்போதே இயந்திரம் முரண்டு பிடிக்கும். இன்னொன்று, மிதிபலகையின் வயரில் செருகும் பெட்டி. அது மிதித்தவுடன் சுறுசுறுப்புக் காட்டுமே தவிர, பலத்தைக் கூட்டாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு.

மீட்டரும் ஏமாறும்

என்னிடம் படித்த மாணவர் ஒருவர், நிபோங் தெபால் பக்கமிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் பினாங்குப் பாலத்தைக் கடந்து ஜார்ஜ்டவுன் சந்தைக்குப் போகிறவர். கோயில் திருவிழாவில் சந்தித்தபோது பெட்டி போட்ட செய்தியைப் பெருமையோடு சொன்னார்.

"சார், முன்னே மாதிரி இல்லை. எண்ணெய் நல்லா மிச்சமாகுது. மீட்டரே ஒன்பதுன்னு காட்டுது."

"மீட்டர் காட்டுறது இருக்கட்டும் தம்பி. பம்புல எவ்வளவு கொடுத்தே? அதைச் சொல்லு."

அவரிடம் பதில் இல்லை. அடுத்த முறை தொட்டியை முழுக்க நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டார். 612 கிலோமீட்டர் ஓடியபின் அதே நிலையத்தில் மறுபடி நிரப்பினார். 59.4 லிட்டர் போயிற்று. நூறு கிலோமீட்டருக்கு 9.7 லிட்டர். பெட்டி போடுவதற்கு முன்பு அவருடைய மனைவி வீட்டுச் செலவு நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்கைப் புரட்டினால், அப்போதும் 9.6தான்!

இதில் மாயம் ஒன்றுமில்லை. வண்டியின் மீட்டர் எண்ணெயை ஊற்றி அளப்பதில்லை. 'இவ்வளவு அழுத்தத்தில் இவ்வளவு நேரம் திறந்தேன்' என்று கணினி போடும் கணக்கைத்தான் காட்டுகிறது. அழுத்தமே பொய்யென்றால் கணக்கும் பொய்தானே? 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி, தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே நாளில் உயர்ந்ததை நாம் மறக்க முடியாது. அந்த நேரத்தில் 'மிச்சம்' என்ற சொல்லுக்கு மயங்காதவர் யார்? ஆனால் மிச்சத்தை நோட்டில் எழுதிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். மூன்று முறையாவது முழுத்தொட்டிக் கணக்குப் போடுங்கள்.

தொழிற்சாலை ஏன் விட்டுவைத்தது?

"இவ்வளவு பலம் உள்ளே இருக்கும்போது செய்தவன் ஏன் பூட்டி வைத்தான்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரே இயந்திரம் குளிர் நாட்டுக்கும் போகிறது, நம் வெயிலுக்கும் வருகிறது. நல்ல டீசலும் கிடைக்கும், மட்டமானதும் கிடைக்கும். முழுச் சுமையோடு மலையேறுகிறவரும் உண்டு, எண்ணெய் மாற்ற மறக்கிறவரும் உண்டு. இத்தனை பேர் கையிலும் உழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி.

டொயோட்டா 2020இல் ஹைலக்ஸின் 2.8 லிட்டர் இயந்திரத்தை 130 கிலோவாட்டிலிருந்து 150 கிலோவாட்டுக்கு உயர்த்தியது. ஏறத்தாழ 15 விழுக்காடு. அதற்காகப் பெரிய டர்போ வைத்தார்கள், எண்ணெய் பீச்சும் அமைப்பை மாற்றினார்கள், பிஸ்டனை மாற்றினார்கள், இயந்திரத்தின் உடம்பையே உறுதிப்படுத்தினார்கள். செய்தவர்களே இத்தனை மாற்றிய பிறகுதான் 15 கூட்டினார்கள் என்றால், ஒன்றையும் மாற்றாமல் 20 கூட்டும் பெட்டியின் பாரத்தை யார் சுமப்பது? இன்ஜெக்டரும் டர்போவும் கிளட்சும்தான்.

வெப்பத்தையும் மறக்கலாகாது. பெட்ரோல் இயந்திரத்தில் எண்ணெய் மிஞ்சினால் சூடு தணியும். டீசலில் நேர்மாறு, எண்ணெய் கூடக் கூடப் புகைவாயின் சூடும் ஏறும். சுமையோடு நீண்ட மேடு ஏறும்போது அது 700 டிகிரியைத் தாண்டக் கூடும். பிஸ்டன் செய்யப்பட்ட அலுமினியமோ 660 டிகிரியில் உருகும். அடியிலிருந்து தெளிக்கப்படும் இயந்திர எண்ணெய்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நம் மாணவரின் பெட்டி, கடையிலேயே ஆக உயர்ந்த அளவில் வைத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் பாலிக் பூலாவுக்குப் போகும் மலைச்சாலையில், சுமையோடு ஏறும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி நடைவேகத்துக்கு இறங்கிவிட்டது. ரெயில் அழுத்தம் வரம்பு மீறியது என்பதற்கான பி0088 என்ற குறி கணினியில் பதிவாகியிருந்தது. அன்றைய காய்கறி வெயிலில் வாடியதுதான் மிச்சம்.

போடுவதற்கு முன்

பாதி வண்டிகளுக்குப் பெட்டியே தேவைப்படாது என்பது அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் சொல்வது. இழுவை குறைந்தால் முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். டீசல் வடிகட்டியை மாற்றுங்கள். டர்போவிலிருந்து போகும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு உண்டா என்று தடவிப் பாருங்கள். டயரில் காற்றுச் சரியா, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்து விடுவது மிக முக்கியம். 2019ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எரிபொருள் கலந்த பி10 டீசல் வந்தது. செம்பனை எரிபொருள் நம் மண்ணின் பொருள், அதில் குறையில்லை. ஆனால் அது சாதாரண டீசலைவிட ஈரத்தை எளிதில் ஈர்க்கும். அந்த ஈரம் உயர்ந்த அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குள் போனால் செலவு ஆயிரக்கணக்கான வெள்ளி.

இயந்திரம் எண்ணெய் குடிக்கிறது, கிளட்சு வழுக்குகிறது, இன்ஜெக்டர் தட்டுகிறது என்றால் பெட்டியை நினைக்கவே வேண்டாம். உத்தரவாதக் காலம் முடியாத வண்டிக்கும் வேண்டாம். 'பட்டறைக்குப் போகுமுன் கழற்றிவிடலாம்' என்று சிலர் யோசனை சொல்வார்கள். நடந்த கோளாற்றைக் கணினி தன் நினைவில் குறித்து வைத்திருக்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பொருத்தும் முறை

இத்தனைக்கும் பிறகு போடத்தான் வேண்டும் என்றால், முறையாகப் போடுங்கள்.

இயந்திரம் நன்றாக ஆறட்டும். சாவியை எடுத்துவிட்டு, கணினி உறங்கக் கால் மணி நேரம் காத்திருங்கள். ரெயிலின் முனையில் உள்ள சென்சாரின் வயர்ச் செருகியைக் கண்டுபிடியுங்கள். அதன் கொக்கியை மெதுவாக அழுத்திக் கழற்றுங்கள். திருகாணி முனையால் நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். கழற்றுவது வயர் மட்டுமே. ரெயிலின் இரும்புக் குழாய்களையோ சென்சாரின் உடம்பையோ ஒருபோதும் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் தெரிந்தாலும், உள்ளே சதை அழுகிக் கையையே இழக்க நேரிடும். அப்படி நேர்ந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பெட்டியின் வயரில் ஒரு முனை சென்சாருக்கு, மறு முனை வண்டியின் பழைய செருகிக்கு. இரண்டும் 'டக்' என்று பூட்ட வேண்டும். வயரை வெட்டி ஒட்டச் சொல்லும் பெட்டியை வாங்காதீர்கள். பெட்டியை டர்போவுக்கும் புகைக்குழாய்க்கும் தள்ளி, தண்ணீர் தெறிக்காத இடத்தில் கட்டுங்கள். வயர் பெல்ட்டில் உரசக் கூடாது. பிறகு இயந்திரத்தை முடுக்கி ஐந்து நிமிடம் சும்மா ஓட விடுங்கள். ஓட்டம் சீராக இருந்து, எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டால் சாலைக்குப் போகலாம்.

அளவு வைக்கும் முறை

பெட்டியில் சிறு திருகோ, எண்ணிட்ட சக்கரமோ இருக்கும். ஆகக் குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். ஒரு தொட்டி எண்ணெய் முடியும்வரை அப்படியே ஓட்டுங்கள். வழக்கமான சுமை, வழக்கமான சாலை. போதவில்லை என்றால் ஒரே ஒரு படி ஏற்றுங்கள். மறுபடி ஒரு தொட்டி.

மேடு ஏறும்போது கூட வருபவரைப் பின்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். கறும்புகை கண்டால் காற்றுக்கு மிஞ்சி எண்ணெய் போகிறது என்று பொருள். மிஞ்சிய எண்ணெய் பலமாகாமல் கரியாகிறது. புகையோ, புதிய தட்டல் சத்தமோ, திணறலோ, விளக்கோ, எது வந்தாலும் ஒரு படி இறக்குங்கள். இறக்கியும் நிற்கவில்லை என்றால் பெட்டியைக் கழற்றி, பழைய செருகியை மாட்டிவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். மலையேறி இறங்கியபின் உடனே இயந்திரத்தை அணைக்காதீர்கள். ஓரிரு நிமிடம் ஓடவிட்டால் டர்போ ஆறும். இயந்திர எண்ணெயை வழக்கமான கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

நம் மாணவர் இப்போது கடைசியிலிருந்து இரண்டாவது படியில் ஓட்டுகிறார். மேட்டில் சற்று இழுவை கூடியிருக்கிறது என்கிறார். எண்ணெய் மிச்சம் என்ற பேச்சை விட்டுவிட்டார்.

மற்றவர் நலமும் சட்டமும்

புதிய பிக்கப் வண்டிகளில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. கரி கூடினால் அது விரைவில் அடைபடும். வடிகட்டி இல்லாத வண்டியோ அந்தக் கரியை ஊருக்கே வழங்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் வகுப்பில் சேர்த்தது. காலையில் பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைகளின் மூக்கு, வண்டியின் புகைக்குழாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

பொய்க்கு வந்த விலையை உலகமும் கண்டிருக்கிறது. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் போக்ஸ்வாகன் நிறுவனத்தின் குட்டு அமெரிக்காவில் வெளிப்பட்டது. சோதனைக் கூடத்தில் ஒரு நடத்தை, சாலையில் வேறு நடத்தை என்று அதன் டீசல் கார்க் கணினிகள் எழுதப்பட்டிருந்தன. உலகம் முழுவதும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே தலைகுனிந்து நின்றது.

நம் நாட்டில் டீசல் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்த 1996இல் விதிகள் வந்தன. வண்டியில் செய்யும் மாற்றங்கள் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் பார்வைக்குள் வருகின்றன. ஜெர்மனியில் சில பெட்டிகள் அந்நாட்டுச் சோதனைச் சான்றிதழோடு விற்கப்படுகின்றன. அந்தச் சான்றிதழைக் காட்டி நம் ஊரில் தப்பித்துக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனுமதி பற்றிப் போடுமுன் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் மறைத்த மாற்றம் விபத்து நேர்ந்த நாளில் வெளிப்பட்டால், இழப்பீடு கிடைக்காமல் குடும்பம் தெருவில் நிற்கும்.

கணினியிடம் பெட்டி சொல்லும் பொய் சின்னதாக இருந்தால் ஆரோக்கியமான இயந்திரம் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொய் பெட்டியோடு நிற்கட்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் மெக்கானிக்கிடமும், நாளை வண்டியை வாங்கப்போகிறவரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். தவணை இன்னும் பாக்கியிருக்கும் வண்டியா? அதை நம்பி நான்கு வயிறுகள் இருக்கின்றனவா? அப்படியானால் பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல வடிகட்டியும் நல்ல டயரும் வாங்கிப் போடுங்கள்.